தனியே செபித்தால் போதாதா?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "யாழ்ப்பாணத்தில் இருக்கிறேன். நாளாந்தம் வேதம் வாசிக்கிறேன், செபிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசையை யூடியூப்பில் பார்த்துவிடுகிறேன். கோயிலுக்குப் போனால் யார் என்ன சாறி உடுத்தினது, யாருடைய மகனுக்குக் கனடா சரிவந்தது என்ற கதைதான் மிச்சம். கடவுளோடு எனக்கு நேரடி உறவு இருக்கும்போது இடையில் இந்தச் சனம் எதற்கு?"

முதலில் உங்கள் பக்கம் நிற்கிற வசனங்களைச் சொல்லிவிடுகிறேன். இயேசு விடியமுன் இருட்டோடு எழும்பி, ஆளில்லாத இடத்துக்குப் போய்த் தனியே செபித்தார் (மாற்கு 1:35). செபிக்கும்போது அறைக்குள் போய்க் கதவைப் பூட்டு என்று படிப்பித்தார் (மத்தேயு 6:6). ஆகவே தனிச்செபம் இரண்டாந்தரம் என்று யாரும் சொன்னால் நம்பவேண்டாம். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. பூட்டிய அறைக்குள் செய்யக்கூடியது அவர் கேட்டவற்றில் ஒரு பகுதி மட்டும்தான். மன்னிக்கச் சொன்னார், அதற்கு உங்களுக்குப் பிழை செய்த ஒருவர் வேணும். பாதம் கழுவச் சொன்னார். அதற்கு ஒரு சோடிக் கால் வேணும். வருத்தக்காரன் சபையின் மூப்பரைக் கூப்பிடட்டும், குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிடுங்கள் என்று யாக்கோபு எழுதுகிறார் (5:14–16). யூடியூப்பில் யாரைக் கூப்பிடுவது?

நாலாம் நூற்றாண்டில் செசரியாவின் ஆயராக இருந்த புனித பசிலியார் துறவிகளிடமே இதைக் கேட்டார். தனிக்குகையில் வாழ்கிறவர் யாருடைய பாதங்களைக் கழுவுவார் என்பது அவருடைய கேள்வி. தாழ்மை இருக்கிறதா என்று பார்க்க இன்னொருவர் தேவை. பொறுமை இருக்கிறதா என்று பார்க்க எரிச்சல் மூட்டுகிற ஒருவர் தேவை. நீங்கள் சொன்ன சாறிக் கதைக்காரர் இந்த இரண்டாவது வேலைக்கு நல்ல தகுதி உள்ளவர்.

பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தை விசுவாசக் கோட்பாட்டின் உச்சம் என்பார்கள். அது முடிகிற 16ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கெங்கிரேயா ஊர்ப் பெபேயாளில் தொடங்கி, இருபதுக்கு மேற்பட்ட ஆக்களைப் பெயர் சொல்லி விசாரிக்கிறார்: இன்னார் வீட்டில் கூடுகிற சபைக்கு வாழ்த்து, இன்னாருடைய தாய் எனக்கும் தாய். ஆள் பெயர் தெரியாத விசுவாசத்தைப் பவுல் அறியவில்லை.

இனி நம்முடைய ஊர். 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தபின் கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டார்கள். குருவானவரை வீட்டில் ஒளித்து வைத்தால் மரணதண்டனை என்று சட்டம் வந்தது. 1687 இல் யோசப் வாஸ் அடிகள் கோவாவில் இருந்து பிச்சைக்காரர் வேஷத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை, ஏறக்குறைய 29 வருஷம், பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை. இருந்தும் சில்லாலை போன்ற ஊர்களில் அவர் வந்தபோது தேடிக் கண்டுபிடிக்கக்கூடிய கத்தோலிக்கர் இருந்தார்கள். ஒரு தலைமுறையே குருவைக் காணாமல் வளர்ந்தபிறகும் விசுவாசம் மிஞ்சியது வீடுகளில் செபத்தைச் சொல்லிக்கொடுத்த பெரியவர்களாலும், ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்காத அயலாலும்தான். தனித்தனியே நல்ல விசுவாசிகளாக மட்டும் இருந்திருந்தால் அந்தத் தலைமுறையோடு முடிந்திருக்கும். வாஸ் அடிகளும் அதைக் கண்டுகொண்டு, குரு வராத காலங்களில் சனத்தைக் கூட்டிச் செபம் நடத்துகிற பொறுப்பை மூப்பர், அண்ணாவி என்று பொதுநிலையினரிடமே கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு நடந்தார். 2015 தை மாதம் கொழும்பில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுக்கப்பட்டபோது பலரும் பேசியது அவருடைய துணிவைப் பற்றி. அவர் விட்டுப்போன இந்த ஒழுங்கைப் பற்றிக் குறைவாகவே கதைத்தோம்.

ஆனால், கோயில் நிறையச் சனம் இருப்பது மட்டும் சமூகம் ஆகாது. இங்கே உங்கள் முறைப்பாடு சரியானது. 400 பேருக்கு நடுவில் இருந்து பாட்டுப் பாடிவிட்டு, யாரோடும் கதைக்காமல் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்தால், வீட்டில் யூடியூப் பார்த்ததற்கும் அதற்கும் நற்கருணை ஒன்றைத் தவிரப் பெரிய வித்தியாசம் இல்லை. (அந்த ஒன்று சிறிய விஷயமும் இல்லை.) ஒரு பங்கோ சபையோ உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க நான் வைக்கிற அளவுகோல் இது: நீங்கள் தொடர்ந்து இரண்டு ஞாயிறு வராவிட்டால் யார் உங்கள் படலையைத் தட்டுவார்? பெயர் சொல்ல முடிந்தால் உங்களுக்குச் சபை இருக்கிறது. சொல்ல முடியாவிட்டால் நீங்கள் போய்வருகிற ஒரு கட்டடம் இருக்கிறது.

படலையைத் தட்டுகிற வேலை தற்செயலாகத்தான் ஒரு முறையாக மாறியது. 1742 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்து மெதடிஸ்தர் தங்கள் மண்டபத்துக்கு வாங்கிய கடனை அடைக்க வழி தேடினார்கள். ஆளுக்கு வாரம் ஒரு பென்னி. ஏறக்குறைய 12 பேருக்கு ஒரு பொறுப்பாளர். அவர் வீடு வீடாகப் போய்ச் சேர்க்கவேணும் என்று முடிவானது. காசு கேட்டுப் போனவர்கள் ஒரு வீட்டில் புருஷன் பெண்சாதி சண்டையையும் இன்னொரு வீட்டில் குடிவெறியையும் கண்டு வந்து சொன்னார்கள். மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லிக்கு அப்போதுதான் தன்னுடைய சனத்தின் உண்மை நிலைமை தெரிந்தது. பிறகு வீடு வீடாக அலைவதை விட்டு, அந்தப் 12 பேரும் வாரத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கூடி ஒவ்வொருவரும் தன் நிலைமையைச் சொல்லத் தொடங்கினார்கள். 1814 இல் லிஞ்ச், ஸ்குவான்ஸ் என்ற இரு மிஷனரிமாருடன் யாழ்ப்பாணம் வந்த மெதடிஸ்தத்தின் முதுகெலும்பு, வகுப்புக் கூட்டம் என்று பெயர்பெற்ற இந்த வாராந்தக் கூட்டம்தான்.

கத்தோலிக்கப் பங்குகளில் இன்று இதற்குரிய இடம் அன்பியம். பக்கத்துப் பக்கத்து வீடுகள் சேர்ந்து, வீட்டு ஒழுங்கில் கூடுவது. தென்னிந்தியத் திருச்சபை, அங்கிலிக்கன், மெதடிஸ்த சபைகளில் வீட்டுச் செபக்கூட்டம், வட்டாரக் கூட்டம் என்று பெயர் மாறும். பெயர் எதுவானாலும் வேலை செய்கிற அமைப்பும் பழுதாகிற விதமும் ஒன்றுதான்.

அளவு: 4 அல்லது 5 குடும்பம், கூட்டத்தில் வாய் திறக்கக்கூடியவர்கள் 6 முதல் 10 பேர். பன்னிரண்டைத் தாண்டினால் மூன்று பேர் கதைப்பார்கள், மற்றவர்கள் கேட்பார்கள். அந்த நேரம் இரண்டாகப் பிரியவேணும். "நல்லாப் போகுது, ஏன் பிரிக்கிறது" என்பார்கள். நல்லாய்ப் போகும்போதுதான் பிரிக்க முடியும். பிழைத்தபிறகு பிரிந்தால் அதற்குப் பெயர் பிரிவினை.

நேரம் ஊருக்கு ஊர் மாறும். குருநகர், பாசையூர், நாவாந்துறை போன்ற கரையோரங்களில் இரவுத் தொழிலுக்குப் போகிறவர்கள் கூடக்கூடியது பெரும்பாலும் ஞாயிறு பின்னேரம். வலிகாமத்துத் தோட்டக்காரருக்கு விடியப்புற இறைப்பு இருக்கும். அவர்களுக்குப் பின்னேரம் ஆறரைக்குப் பிறகு. அலுவலகத்துக்குப் போகிறவர்களின் வசதிக்கு இரவு எட்டு மணிக்கு வைத்தால் வயசான பெண்கள் மெல்ல நின்றுவிடுவார்கள்: வீதி இருட்டு, நாய்த்தொல்லை, பஸ் இல்லை. நின்றதற்குக் காரணம் கேட்டால் "சுகமில்லை" என்பார்கள். நேரத்தைத் தீர்மானிக்கும்போது முதலில் அவர்களைக் கேளுங்கள். பிள்ளைகளுக்கோ ஞாயிறு காலை டியூஷன். மறைக்கல்வியும் ஓய்வுநாட் பாடசாலையும் அதோடு போட்டிபோட்டுத் தோற்றுக்கொண்டிருக்கின்றன. அது தனிக் கட்டுரைக்குரிய கோபம்.

கூடியபின் என்ன செய்வது? தென்னாபிரிக்காவின் லும்கோ என்ற கத்தோலிக்கப் பயிற்சி நிறுவனம் வடிவமைத்த ஏழு படி நற்செய்திப் பகிர்வு ஆசியப் பங்குகள் பலவற்றில் பாவனையில் இருக்கிறது. இறையியல் படிக்காதவரும் நடத்தலாம் என்பது அதன் பலம். முதற்படி, ஒருவர் தன் சொந்த வார்த்தையில் ஆண்டவரை அழைப்பது. இரண்டாவது, பகுதியை வாசிப்பது. 10 வசனத்துக்கு மேல் எடுக்கவேண்டாம். மூன்றாவது, மனதில் பட்ட சொல்லையோ சிறு தொடரையோ ஒவ்வொருவரும் சத்தமாக, ஆறுதலாக, திருப்பிச் சொல்வது, விளக்கம் கூடாது. நாலாவது, மௌனம். மூன்று நிமிஷம் போதும், ஆனால் மணிக்கூடு பார்த்துப் பிடியுங்கள். பழக்கமில்லாதவர்களுக்கு முதலாவது நிமிஷத்திலேயே தொண்டை செருமும். ஐந்தாவது, எந்த வசனம் தன்னைத் தொட்டது, ஏன் என்று சொல்வது. ஆறாவது, இந்த வசனத்தை வைத்து இந்தக் கிழமை இந்த ஒழுங்கையில் என்ன செய்யப்போகிறோம் என்று தீர்மானிப்பது. ஏழாவது, செபம். முழுவதும் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும்.

பிழைக்கிற இடங்கள் இரண்டு. ஐந்தாம் படியில் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவர் 20 நிமிஷப் பிரசங்கம் வைப்பார். "எனக்கு", "என்னை" என்று தொடங்குகிற வசனம் மட்டும் சொல்லலாம் என்று முன்கூட்டியே விதி வைத்தால் இது முக்கால்வாசி அடங்கும். இரண்டாவது பிழை பெரியது: ஆறாம் படியைத் தாண்டிப் போவது. "எல்லாருக்காகவும் செபிப்போம்" என்று முடித்துவிடுவார்கள். ஆறாம் படியில் ஒரு ஆளின் பெயர், ஒரு வேலை, ஒரு நாள் மூன்றும் வரவேணும்: வியாழக்கிழமை இன்னாரும் இன்னாரும் சேர்ந்து கிளினிக் போகமுடியாமல் இருக்கிற அம்மாவைக் கூட்டிப் போவது. அடுத்த கூட்டத்தின் முதல் ஐந்து நிமிஷத்தில் "போனீங்களா?" என்று கேட்கவேணும். 1921 இல் டப்ளினில் தொடங்கிய மரியாயின் சேனை என்ற கத்தோலிக்கப் பொதுநிலையினர் இயக்கம் இத்தனை வருஷம் தளராமல் நடப்பதற்கு இந்த ஒழுங்கு முக்கிய காரணம் என்பது என் கருத்து. கிழமைதோறும் கூட்டம், அது ஒன்றரை மணித்தியாலத்தைத் தாண்டாது, ஒவ்வொருவரும் போன கிழமை செய்ததை வாயால் அறிக்கையிடவேணும், சந்திப்புக்கு இருவராகவே போகவேணும். பக்தி கூடக்குறையலாம், அறிக்கை நிற்காது.

தேத்தண்ணி விஷயத்தை அற்பம் என்று விடவேண்டாம். முதல் வீட்டில் பிளேன்ரீயும் பிஸ்கட்டும். இரண்டாம் வீட்டில் வடை. மூன்றாம் வீட்டில் றோல்ஸ், கேக். நாலாம் வீட்டுக்காரி கூலிவேலை செய்கிறவர். தன் முறை வரும்போது "வீட்டில கொஞ்சம் பிரச்சினை, அடுத்த முறை பாப்பம்" என்பார். அதோடு அந்தக் குடும்பம் போய்விடும். பிளேன்ரீ மட்டும், வெளிநாட்டுக்காரர் வந்து நின்றாலும் பிளேன்ரீ மட்டும் என்று முதல் நாளே எழுதிவையுங்கள்.

இதைவிடக் கடுமையான ஒன்று இருக்கிறது. கூட்டம் வீடு மாறி மாறி நடக்கவேணும்; எந்த வீட்டை எப்போதும் தாண்டிப் போகிறார்கள் என்று கவனியுங்கள். "அங்க இடம் காணாது" என்பது உண்மையாக இருக்கலாம். சாதியாகவும் இருக்கலாம். கூட்டத்துக்கு வந்து, செபித்து, தேத்தண்ணி மட்டும் குடிக்காமல் "இப்பதான் குடிச்சனான்" என்று எழும்பி வருகிற பழக்கம் நம்மிடம் இன்னும் சாகவில்லை. ஞானஸ்நானம் வாங்கி நாலைந்து தலைமுறை போன குடும்பங்களிலும் கலியாணப் பேச்சு என்றவுடன் அது தலைதூக்கும். கொரிந்து சபையில் வசதியானவர்கள் முந்திச் சாப்பிட, இல்லாதவர்கள் பசியோடு இருந்தார்கள். நீங்கள் கூடிச் செய்வது ஆண்டவருடைய பந்தியே அல்ல என்று பவுல் முகத்துக்கு நேரே சொன்னார் (1 கொரிந்தியர் 11:20–22). நல்ல உடுப்புக்காரனுக்குக் கதிரையும் ஏழைக்கு நிலமும் காட்டுகிறவர்களை யாக்கோபு விடவில்லை (2:1–4). அன்பியத் தலைவரோ போதகரோ இதைத் திருத்த மேடைப் பிரசங்கம் தேவையில்லை. தாண்டிப்போன வீட்டில் அடுத்த கூட்டத்தை வைத்து, முதல் கோப்பையைத் தானே வாங்கிக் குடித்தால் போதும். சிலர் அன்றோடு வராமல் விடுவார்கள், விடட்டும்.

ஊர்க்கதை உங்களுடைய முதல் முறைப்பாடு. அது செபக்கூட்டத்துக்குள் வருகிற வாசல் "செப விண்ணப்பம்". "இன்னாருடைய மகளுக்காகச் செபியுங்கோ, விபரம் சொல்ல ஏலாது" என்ற ஒரு வசனம் போதும். விடியமுன் ஊர் முழுக்க விபரம் தெரிந்துவிடும். விதி எளிது. ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்லலாம். மற்றவரைப் பற்றி அவருடைய சம்மதத்தோடுதான் சொல்லலாம். கூட்டத்தில் கேட்டதை வீட்டுக்காரருக்கும் சொல்வதில்லை. வாட்ஸ்அப் குழுவில் நேரமும் இடமும் மட்டும். வருத்தத்தின் பெயர், குடும்பப் பிரச்சினை, ஆஸ்பத்திரிப் படம் எதுவும் போடுவதில்லை. ஒருமுறை மீறினால் பொறுப்பாளர் தனியே கூப்பிட்டுச் சொல்லவேணும்; மூன்று முறை மீறுகிறவரைப் பகிர்வு நடக்கிற கூட்டத்தில் இருந்து கொஞ்சக் காலம் விலக்கித்தான் வைக்கவேணும். இதைச் செய்யத் துணியாத குழுக்களில் ஆறு மாதத்துக்குள் எல்லாரும் "படிப்புக்கும் சுகத்துக்கும்" மட்டும் செபிக்கத் தொடங்குவார்கள். மேலே எல்லாம் சரிபோல இருக்கும். ஒருவரும் உண்மை சொல்லமாட்டார்கள்.

இரகசியத்துக்கும் எல்லை உண்டு. பிள்ளைக்குக் கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் அதைச் செபத்தோடு மூடிவைப்பது பாவம்; சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 இலக்கத்துக்குச் சொல்லவேணும். சாகவேணும்போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அன்றிரவு அவரைத் தனியே விடக்கூடாது, அடுத்த நாள் வைத்தியரிடம் கூட்டிப் போகவேணும். 1926 இலக்கத்தில் தேசிய மனநல உதவி கிடைக்கும். விசுவாசம் குறைவு என்று புத்தி சொல்ல அது நேரமில்லை.

யாழ்ப்பாணத்தில் சிறு குழுவுக்கு இருக்கிற மிகப்பெரிய வேலை வயசானவர்கள். பிள்ளைகள் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும். தாய் தகப்பன் பெரிய வீட்டில் தனிய, அல்லது ஒருவர் செத்து மற்றவர் மட்டும். காசு வரும், வைபரில் முகம் தெரியும், ஆனால் குளியலறையில் விழுந்தால் தூக்க ஆளில்லை. ஒழுங்கையில் இப்படி இருப்பவர்களின் பட்டியல் ஒன்றை அன்பியம் வைத்திருக்கவேணும்: கிளினிக் நாள், குடிக்கிற மருந்து, மற்றத் திறப்பு யாரிடம், வெளிநாட்டில் யாருக்கு முதலில் அறிவிப்பது. காலை எட்டு மணிக்குள் ஒரு தொலைபேசி அழைப்பு. எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டார் போய்ப் பார்ப்பது. சந்திப்புக்கு இருவராகப் போங்கள், அரை மணித்தியாலம் இருங்கள், ஒரு சங்கீதம் வாசியுங்கள். பிள்ளை எவ்வளவு அனுப்புகிறது என்று கேட்காதீர்கள். முதல் வெள்ளியில் நற்கருணை கொண்டுபோகிற குருவோடு அன்பியத்தில் ஒருவர் கூடப் போனால், குரு போனபிறகு பத்து நிமிஷம் கதைக்க ஆள் இருக்கும்.

செத்தவீட்டுக்கு நாம் யாரும் குறைவைக்கிறதில்லை. பந்தல், கதிரை, சாப்பாடு, செபமாலை எல்லாம் தானாக நடக்கும். 31ஆம் நாள் நினைவுப் பூசையோடு சனம் கலையும். துக்கம் உண்மையில் அப்போதுதான் வீட்டுக்குள் வந்து இருக்கும். மரணச் சான்றிதழ், வங்கி, ஓய்வூதியம் என்று விதவை தனியே அலைவதும் அந்தக் காலத்தில்தான். ஆகவே குழுவின் நாட்குறிப்பில் இரண்டாம் மாதம், நாலாம் மாதம், முதல் நத்தார், முதல் ஆண்டு என்று நாலு சந்திப்பை அன்றே எழுதிவிடுங்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் குடும்பங்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேணும். ஆத்துமசாந்திப் பூசை வைக்கச் சொல்லி அந்தத் தாய்மாரை வற்புறுத்த யாருக்கும் உரிமை இல்லை. கார்த்திகை 2ஆம் திகதி சகல ஆன்மாக்கள் நாளில் அவர்கள் பெயர் கொடுக்காவிட்டால் ஏன் என்று கேட்காதீர்கள்.

காசு. குழுவுக்குள் கடன் கொடுக்கல் வாங்கல் வேண்டாம், சீட்டுப் பிடிப்பது வேண்டவே வேண்டாம். சீட்டு முறிந்தால் செபமும் முறியும். உதவி என்றால் திரும்பி வராத உதவியாகக் கொடுங்கள், சிறிய தொகையானாலும். துணிப்பை ஒன்றைச் சுற்றவிட்டு, கையை மூடி உள்ளே விடுவது நல்ல முறை. 20 ரூபா போட்டவரையும் 1000 ரூபா போட்டவரையும் பிரித்தறிய முடியாது. இருவர் சேர்ந்து எண்ணவேணும், மாதம் ஒருமுறை மொத்தத் தொகையை வாசிக்கவேணும், வாங்கியவரின் பெயரை வாசிக்கக்கூடாது. எருசலேமுக்குச் சேர்த்த காசைப் பவுலே தனியே கொண்டுபோகச் சம்மதிக்கவில்லை. யாரும் குறை சொல்லாதபடி வேறு ஆக்களையும் சேர்த்து அனுப்பினார் (2 கொரிந்தியர் 8:18–21). மரியாயின் சேனை சந்திப்பில் பண உதவி செய்வதையே விலக்கியிருக்கிறது. அந்த வேலைக்கு 1833 இல் பாரிஸில் தொடங்கிய வின்சென்ட் டி போல் சபை இருக்கிறது. சந்திக்கிறவர் வேறு, காசு கொடுக்கிறவர் வேறு என்று பிரிப்பது புத்தி. இல்லாவிட்டால் உங்களைக் கண்டவுடன் ஏழை தன் கஷ்டத்தை ஒப்புவிக்கத் தொடங்குவார்; நட்பு வராது.

சண்டை வரும். வேலி எல்லை, சீதனம், பெருநாள் கணக்கு, பாடகர் குழுவில் யாருக்கு முன்வரிசை. மத்தேயு 18:15–17 இல் வரிசை தெளிவாக இருக்கிறது: முதலில் நீயும் அவனும் தனித்திருக்கையில் சொல், கேட்காவிட்டால் ஓரிருவரைக் கூட்டிப்போ, அதற்கும் கேட்காவிட்டால் சபைக்குச் சொல். நாம் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முதலில் மூன்று பேருக்குச் சொல்வோம், பிறகு சுவாமியாருக்கோ ஐயருக்கோ சொல்வோம், சம்பந்தப்பட்டவர் கடைசியில் வேறு யாரோ சொல்லக் கேள்விப்படுவார். அப்போது அவர் பதில் சொல்லவேண்டியது உங்கள் ஒருவருக்கல்ல, ஊருக்கு. மானப் பிரச்சினை ஆகிவிடும். நேரில் போங்கள், ஒரு கிழமைக்குள் போங்கள், ஒரு விஷயத்தை மட்டும் எடுங்கள். 1990 இல் அவர்களுடைய மாமா செய்ததை இழுக்கவேண்டாம். தொலைபேசியில் செய்யவேண்டாம், குரல்பதிவு அனுப்பவே வேண்டாம். அது எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்குத் தெரியாது. இரண்டு குடும்பம் பத்து வருஷமாகக் கதைபேச்சு இல்லாமல் ஒரே கோயிலில் இடமும் வலமும் இருந்து நற்கருணை வாங்குவது நம்மூரில் சாதாரணக் காட்சி. காணிக்கையைப் பீடத்தில் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு (மத்தேயு 5:23–24) என்பது அவர்களுக்கு எழுதப்பட்டதுதான்.

எல்லாக் கூட்டத்திலும் சேரலாம் என்று நான் சொல்லவில்லை. ஒரே ஆள் எல்லாம் தீர்மானிக்கிறார், கணக்குக் காட்டுவதில்லை, மருந்தை நிறுத்தச் சொல்கிறார், கேள்வி கேட்டால் ஆவிக்கு விரோதம் என்கிறார், சைவக்காரத் தாய் தகப்பன் வீட்டுக்குப் போகாதே, செத்தவீட்டுக்கும் போகாதே என்கிறார். இவற்றில் ஒன்று இருந்தால் கவனம், இரண்டு இருந்தால் வெளியே வாருங்கள். அது கத்தோலிக்கச் செபக்குழுவாக இருந்தாலும் சரி, சுயாதீன சபையாக இருந்தாலும் சரி. சைவக் குடும்பத்தில் இருந்து தனியே விசுவாசத்துக்கு வந்த பிள்ளைக்குச் சபை இரண்டாவது வீடாக இருக்கவேணும். முதலாவது வீட்டைப் பறிக்கிற உரிமை சபைக்கு இல்லை.

உங்களுக்கு இப்போது என்ன செய்வது? எந்தச் சங்கத்திலும் பெயர் கொடுக்கவேண்டாம், கமிற்றிக்கு இப்போதைக்கு மூச்சும் விடவேண்டாம். தொடர்ந்து நாலு ஞாயிறு ஒரே பூசைக்குப் போய் ஒரே வாங்கில் இருங்கள். முடிந்தபின் பத்து நிமிஷம் வளவுக்குள் நில்லுங்கள். பக்கத்தில் இருந்தவரின் பெயரைக் கேட்டு, அடுத்த ஞாயிறு அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். சாறிக் கதை தொடங்கினால் "உங்கட கால் நோ எப்பிடி?" என்று கேளுங்கள், பெரும்பாலானவர்கள் சாறியை விட்டுவிட்டுக் காலைப் பற்றிக் கதைப்பார்கள், ஏனென்றால் அதை வேறு யாரும் கேட்பதில்லை. ஐந்தாம் கிழமை பங்குக் குருவிடமோ போதகரிடமோ போய் உங்கள் ஒழுங்கைக்குரிய அன்பியம் எது, பொறுப்பு யார் என்று விசாரியுங்கள். கூட்டம் நின்றுபோய்ப் பெயர் மட்டும் இருந்தால் அயலில் இன்னும் இரண்டு வீட்டாரைச் சேர்த்து நீங்களே தொடங்கலாம். மூன்று வீடு போதும். மூன்று மாதம் கொடுத்துப் பாருங்கள். சரிவராவிட்டால் பக்கத்து அன்பியத்துக்கு மாறலாம். பொறுப்பாளரிடம் சொல்லிவிட்டு மாறுங்கள், சத்தமில்லாமல் நிற்கவேண்டாம்.

யூடியூப்பை அழிக்கவேண்டியதில்லை. 2020 ஊரடங்கில் அது எத்தனையோ வீடுகளுக்குக் கைகொடுத்தது. படுக்கையில் இருப்பவர்களுக்கு இன்றும் அதுதான் ஞாயிறு. ஆனால் படுக்கையில் இருப்பவரைத் தொலைபேசியோடு தனியே விடாமல், அன்பியத்தில் முறை வைத்து ஒருவர் பக்கத்தில் இருந்து பார்க்கலாம். உங்களுக்குத்தான் எந்தச் சானலில் எத்தனை மணிக்குப் பூசை போகிறது என்று நன்றாகத் தெரியுமே. அன்பியத்தில் முதல் வேலையாக அந்த முறையை நீங்களே கேட்டு வாங்குங்கள்.